குமிழ்கள் உப்பிய காரணம்

"முதல்ல உட்காரு," என்றான் மாட்டு டாக்டர்.

கால்நடைப் படிப்பு படித்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தவன் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே பேசுகிறவன், இன்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, உன் பன்னிங்களுக்கு மறுபடியும் வயித்தால போகுதா?" என்றாள், அவனோடு வேலை செய்கிறவள்.

"உன் தட்டுல வளர்றதே என் பன்னிதான்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அவள் அக்கா மகளுக்குப் பிறந்ததிலிருந்தே குடலில் நீர் சரியாகச் சுரப்பதில்லை. அந்தப் பிள்ளையின் குடலிலிருந்து குருணையளவு சதை எடுத்து, ஆய்வகத் தட்டில், ஊட்டத் திரவத்தில் சின்னச் சின்னக் குமிழ்களாக வளர்த்திருந்தாள். புது மருந்து வேலை செய்தால் நீர் சுரந்து குமிழ் உப்ப வேண்டும். உப்பியது! பலூன் மாதிரி உப்பியது. போனில் கேட்ட அக்கா அழுதே விட்டாள். இன்று முதல் மாத்திரை.

மிச்சக் குமிழ்களை உறைய வைக்குமுன், எந்த உயிரினத்துடையது என்று பார்க்கும் வழக்கமான சோதனையை அவன் செய்திருந்தான். அத்தனையும் பன்றி. நோயில்லாத பன்றிக் குடல், உப்பாமல் என்ன செய்யும்?

எப்படி நடந்தது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் லீவில் இருந்தபோது அவனுடைய பன்றிக் குடல் குமிழ்களுக்கும் அவள்தான் திரவம் மாற்றினாள். ஒவ்வொருவர் குமிழுக்கும் தனித் திரவப் புட்டி என்பது ஆய்வகத்தின் முதல் விதி. புதிதாகக் கலக்கச் சோம்பல்பட்டு, ஒரே புட்டியில் இரண்டு வேலையையும் முடித்தாள். ஒரு துளி தாவியிருக்கும். வேகமாகப் பெருகும் பன்றிச் செல்கள், பிள்ளையுடையதை இருந்த இடம் தெரியாமல் அமுக்கிவிட்டன.

"லேப் மேடம் வரட்டும், சொல்லிட்டு..."

"அதுக்குள்ள முழுங்கிடுவாடா! கல்லீரலைப் பதம் பார்க்கற மருந்து."

அக்கா போனை எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டடம்தான் மருத்துவமனை. லிப்டுக்குக் காத்திராமல் படியில் பாய்ந்தாள்.

வார்டில் நர்ஸ் மாத்திரையை நீட்ட, பிள்ளை வாயைத் திறந்திருந்தாள்.

"குடுக்காதீங்க!"

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?" என்றாள் அக்கா.

மூச்சு வாங்க, தன் தவறையும் சேர்த்து மென்று முழுங்காமல் சொன்னாள். மருந்து பிள்ளைக்குக் கேட்குமா என்று இப்போது யாருக்கும் தெரியாது. சோதிக்கச் சதையும் மிச்சமில்லை.

"மறுபடியும் குழாய் விடுவாங்களா, சித்தி?"

அவளால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன தடவை குழாய் விட்டுச் சதை எடுத்தபோது ரத்தப்போக்கு நிற்காமல் எல்லோரும் நடுங்கிப்போயிருந்தார்கள்.

அக்கா பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். "எடுக்கட்டும். ஆனா வளர்க்கறது நீ வேண்டாம். அந்த மாட்டு டாக்டரே வளர்க்கட்டும்."

"அக்கா..."

"கோபத்துல சொல்லலடி. இனிமே நீ நல்ல சேதி சொன்னா, எனக்கு நம்ப வராது."

அவள் தலையாட்டினாள். பிள்ளை போர்வைக்கு வெளியே கையை நீட்டி, சித்தியின் விரலைத் துழாவினாள். அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.