நெட்டை ஏன் பேசவில்லை

...அதை இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கலாமா, கேட்டால் அம்மா காதில் விழுந்துவிடும், சமையலறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதானே, உள்ளே டம்ளர் கழுவுவதுகூடக் கேட்கிறது... எதிரே அக்கா கைப்பையைத் திறக்காமல் மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறார். வெளிநாட்டில் கொலையானவர்களின் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் அமைப்பிலிருந்து வருபவர், அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அண்ணன் செத்த வாரத்திலிருந்து எங்களுக்கு இவர்தான் எல்லாம், அந்த ஊர் போலீஸ் சொல்வதைப் புரியவைத்தது, உடலைக் கொண்டுவர அலைந்தது, எப்போதும் போன் செய்துவிட்டுத்தான் வருவார், இன்று சொல்லாமல் வந்து நின்றார். "பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி நேர்ல சொல்லணும்னு வந்தேன்மா." கைதானவனின் முழுப்பெயரைத்தான் சொன்னார், ஒரு கணம் யாரோ எவனோ என்று நிம்மதியாகக்கூட இருந்தது, அப்புறம்தான்... நெட்டை.

அங்கே அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவன். எந்த வாசலிலும் தலையை இடித்துக்கொள்கிறான் என்று அண்ணன் வைத்த பெயர். மாடிப்படியில் அண்ணன் குத்துப்பட்டுக் கிடந்ததைப் பார்த்ததாக எங்களுக்குச் சொன்னதே அவன்தான், போனில் பேச்சு வராமல் தேம்பினான், அம்மாதான் அவனைத் தேற்றினாள், தன் பிள்ளை செத்த சேதியைச் சொன்னவனை, அழாதப்பா, நீ சாப்பிட்டியா என்று கேட்டுத் தேற்றினாள்... அப்புறம் தினமும் சாயங்காலம் போன், அம்மாவுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துவான், அண்ணனின் சட்டைகளைத் துவைத்து அனுப்பட்டுமா என்று என்னைக் கேட்டான், மடித்து அனுப்பியும் வைத்தான். எந்தக் கையால் மடித்தான் அவற்றை? அழுதது நடிப்பா, அவ்வளவு நேரம் ஒருவனால் நடிக்க முடியுமா, இல்லை, செய்துவிட்டு நிஜமாகவே அழுதானோ, அப்படியும் உண்டா... அக்கா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார், கைதுதான், தீர்ப்பு இல்லை, என்ன காரணமென்று அவர்கள் சொல்லவில்லை, வழக்கு நடக்கும்போது மொழிபெயர்க்க ஆள் இருக்கும், அவன் வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டாம், அம்மாவிடம் தான் சொல்லட்டுமா, நானே சொல்கிறேனா. தலையாட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குள் திரையை முழங்கையால் தள்ளிக்கொண்டு தேநீர்த் தட்டோடு அம்மா. "ஏம்மா, நீங்க அந்த ஊர்ல கொஞ்சம் விசாரிக்க முடியுமா? நெட்டை ரெண்டு நாளா பேசவே இல்ல. புள்ளைக்கு உடம்பு சரியில்லயோ என்னமோ." அக்கா என்னைப் பார்த்தார். தட்டை வாங்கி வைத்தேன், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன், எலும்புதான் இருந்தது, எப்போது இப்படி இளைத்தாள்...

"அவனத்தாம்மா போலீஸ் புடிச்சிருக்கு."

"எதுக்குடி?" என்றாள் அம்மா.

அவள் என் முகத்தையே பார்த்தாள், பிறகு அக்காவின் முகத்தை, பிறகு கையை மெதுவாக உருவிக்கொண்டாள். யாரும் வாய் வைக்காத தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், தொட்டியில் ஊற்றும் சத்தம், குழாய் திறக்கும் சத்தம், திறந்தது திறந்தபடி... அக்கா எழுந்து அவள் பின்னால் போனார். நானும் போயிருக்க வேண்டும். யாரிடமாவது இதைக் கொட்டினால் தேவலை என்றிருந்தது, பார்த்தால் போன் கையில் இருக்கிறது, திரையில் நெட்டையின் பெயர், அழைக்க ஒரு தொடுதல்தான் பாக்கி... எப்போது எடுத்தேன்? அண்ணன் போன பிறகு எது நடந்தாலும் நான் முதலில் சொன்னது இவனிடம்தான், இதையும் இவனிடமேதான் சொல்ல வருகிறது, வேறு யார் பெயரும் வரவில்லை.