மர்சூக்கைக் கூப்பிடுகிற கரை

யாகப்பர் யாப்புப் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபோது அதற்குள்ளிருந்து ஒரு கருவாட்டுத் துண்டு மேசையில் விழுந்தது. ஏழாம் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக வைத்திருந்தாராம். உலகத்தில் எத்தனையோ நாடுகளுக்கு யாப்பு என்கிற அரசியலமைப்பு உண்டு. எங்களுடையதைப் போல மணக்கிற யாப்பு வேறெங்கும் இல்லை என்று வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொல்லுவேன்.

"சொந்தக்காரன் மூண்டு பருவம் தொடர்ந்து வலை இறக்காத பாடு ஒன்றியத்தைச் சேரும், ஒன்றியம் அதைப் பக்கத்துப் பாட்டுக்காரனுக்குக் குடுக்கலாம். இது நான் சொல்லேல்லை, யாப்புச் சொல்லுது. எழுதினது ஆர்? கோட்டு ஐயா. கேளுங்கோவன் அவரிட்டை" என்றார் யாகப்பர்.

கோட்டு ஐயா என்பது நான்தான். பெனடிக்ற் என்று ஒரு பெயர் இருந்தாலும், மன்னார் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பெயரை என் மனைவியே மறந்துவிட்டாள். சிங்கள நீதவான் தும்மினால்கூட அதைத் தமிழில் தும்மிக்காட்டியவன் என்ற புகழ் எனக்கு இருந்தது. அதனால்தான் போர் முடிந்து சனம் திரும்பி வந்து, கீரிக் கிராமத்துக்கு அங்காலுள்ள எங்கள் கரையில் ஒன்றியம் தொடங்கியபோது யாப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். கோயில் பக்கம் கத்தோலிக்கர், பள்ளிவாசல் பக்கம் புத்தளத்திலிருந்து திரும்பிய முஸ்லிம்கள், பிள்ளையார் கோவிலடியில் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர்கள். மூன்று கரைக்கும் தனித்தனி நிர்வாகம், மூன்றுக்கும் மேலே ஒன்றியம். கூட்டாட்சியைக் குறிக்கிற 'சமஷ்டி' என்ற சொல்லை மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று பதிவு செய்ய வந்த உத்தியோகத்தர் கையெடுத்துக் கும்பிட்டார். போடவில்லை. ஆனால் நாடே அடிபட்டுச் செத்தும் கண்டடையாத அந்தச் சாமானை நாங்கள் ஒரு தகரக் கொட்டிலுக்குள் பிளாஸ்ரிக் கதிரைகளைப் போட்டு ஒன்றரை வருடமாக நடத்திக்கொண்டிருந்தோம். உலகம்தான் கவனிக்கவில்லை.

அந்த உலகப் பெருமைக்கு முதல் சோதனையாக வந்தவள் உம்மு ஸல்மா. மர்சூக்கின் மகள். ஊரைவிட்டுப் போகும்போது பாவாடைச் சட்டையோடு போனவள், இப்போது நரைத்த முடியை முக்காட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவள் கேட்டது தகப்பனுடைய பாட்டை. கரைவலையைக் கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று இழுப்பதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமையான கடல்துண்டுதான் பாடு. மர்சூக்கின் பாடு எங்கள் கரையிலேயே நல்ல பாடு. அங்கே வலையைக் காட்டினாலே போதும், மீன் தானாக வரிசையில் வந்து ஏறும். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டு வள்ளங்களில் புத்தளம் பக்கத்துக் கற்பிட்டிக்குப் போன அன்று, மர்சூக் தன் பாட்டைப் பக்கத்துப் பாட்டுக்காரரான யாகப்பரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். யாகப்பர் பார்த்துக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டதில் அது தன்னுடையது போலவே அவருக்கு ஆகிவிட்டிருந்தது.

"பாடு இருந்தாத்தான் என்ர மகன் புத்தளத்து உப்பளத்தை விட்டு வருவான், மாமா. இல்லாட்டி நானும் திரும்பிப் போறதுதான்" என்றாள் உம்மு ஸல்மா.

யாகப்பர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஏழாம் பிரிவு, ஐயா."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். வாழ்நாள் முழுவதும் மற்றவன் சொன்னதை மொழிபெயர்த்தவனுக்கு, தான் எழுதியதற்கே பொருள் சொல்லும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? "யாகப்பர், பதினோராம் பிரிவும் இருக்குது. கரையின்ர பழைய வழக்கம் தொடரும் எண்டு. நேவிக்காரன் உமக்கு அறைஞ்சது ஞாபகமோ?" என்றேன்.

கொட்டில் சிரித்தது. அந்தக் கதை தெரியாதவர்கள் புத்தளத்திலிருந்தும் முகாமிலிருந்தும் வந்தவர்கள் மட்டும்தான். ஆகையால் அவர்களுக்காக அதைக் கொஞ்சம் பெருப்பித்தே சொன்னேன். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுத் தொடங்கிப் பருவம் திறக்கிற காலையில், வலை இறக்க முன்னம் பாட்டுக்காரனின் பெயரைக் கடலைப் பார்த்து மூன்று தரம் கூப்பிட வேண்டும். "வாறன்" என்று பதில் வந்தால் அவன் இறக்குவான். வராவிட்டால் அந்தப் பருவம் பக்கத்துப் பாட்டுக்காரன் இறக்கலாம். ஆனால் கூப்பிட்டே ஆக வேண்டும். ஒருவன் செத்தால்தான் அவன் பெயரைக் கூப்பிடுவதில்லை. அத்தோடு அவன் பாடும் முடிந்தது. யாகப்பர் ஒரு பருவம் விடாமல் மர்சூக்கைக் கூப்பிட்டார். ஒருமுறை புதிதாக வந்த நேவி ஒஃபிசர் துவக்கோடு ஓடிவந்து, "கவுத மே மர்சூக்?" என்று கேட்டு, யாரந்த மர்சூக் என்று பனங்காடு முழுவதையும் தலைகீழாகப் புரட்டினான். என்னை நீதிமன்றக் கந்தோரிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆள் இல்லை, கூப்பிடுவது மட்டும்தான் இருக்கிறது என்று அவனுக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். என் சேவைக் காலத்திலேயே கடினமான மொழிபெயர்ப்பு அதுதான். அவன் நம்பாமல் யாகப்பருக்கு ஓர் அறை விட்டான். அடுத்த பருவம் யாகப்பர் மெதுவாகக் கூப்பிட்டார். ஆனாலும் கூப்பிட்டார்.

"போன பருவமும் கூப்பிட்டனீர். அப்ப பாடு உயிரோடைதானே?" என்றேன், நீதவானைப் போலக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு.

யாகப்பர் கருவாட்டுத் துண்டை எடுத்து மடியில் செருகினார்.

"நான் கூப்பிட்டது அவனை. எங்கையோ இருக்கிறான், ஒருநாளைக்கு வள்ளத்தாலை இறங்கி வருவான் எண்டு கூப்பிட்டனான். இவள் வந்து முதல் வார்த்தையாச் சொன்னது என்ன? வாப்பா மௌத்தாகி ஒன்பது வருசமாம்." கையிலிருந்த புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். "செத்தவனைக் கூப்பிடப்படாது. அதுவும் வழக்கம்தானே, ஐயா? நீ சொல்லாமல் இருந்திருக்கலாம், பிள்ளை. நான் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பன்."

என் கண்ணாடி கையிலேயே இருந்தது. திருப்பிப் போட மறந்துபோனேன். பாட்டை விட மனமில்லாமல் சண்டை பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், செத்த செய்தியைக் கொண்டுவந்ததற்காக அந்தப் பெண்ணோடு கோபித்துக்கொண்டிருந்தார். உம்மு ஸல்மா முக்காட்டின் நுனியை வாயில் பொத்திக்கொண்டாள். அவள் சலாம் சொல்லி, சுகம் கேட்டு, மரியாதையாகத் தகப்பனுடைய மரணத்தை அறிவித்திருந்தாள். அந்த மரியாதையே பாட்டைக் கொன்றுவிட்டது.

அப்போதுதான் பிள்ளையார் கோவிலடி கனகரத்தினம் வாயைத் திறந்தார். கூட்டத்தில் எப்போதும் நித்திரை கொள்கிற மனிதர்.

"மண்டபம் முகாமில மாசத்தில ஒருநாள் பேர் கூப்பிடுவாங்கள். பதில் இல்லாட்டிப் பதிவை வெட்டிப்போடுவாங்கள். என்ர அப்பு செத்தாப் பிறகும் கொஞ்சக்காலம் அவரின்ர பேரைத்தான் கூப்பிட்டவங்கள். நான்தான் 'உள்ளேன்' எண்டனான். அந்தக் குடிசை அப்பிடித்தான் எங்களுக்கு மிஞ்சினது." யாகப்பர் பக்கம் திரும்பினார். "கூப்பிடுறவன் ஆளையோ வீட்டையோ கூப்பிடுறான் எண்டு பதில் சொல்லுறவனைக் கொண்டுதான் தெரியும், அண்ணை."

இதைவிட நல்ல தீர்ப்பை நான் நீதிமன்றத்திலும் மொழிபெயர்த்ததில்லை. உடனே அதை என்னுடையதாக்கிக்கொண்டு, மேசையில் தட்டி அறிவித்தேன்: பருவம் திறக்கிற காலையில் மர்சூக்கின் பெயர் வழமைபோல மூன்று தரம் கூப்பிடப்படும். மூன்றாவது முடிவதற்குள் அந்த வீட்டிலிருந்து பதில் வந்தால் பாடு அந்த வீட்டுக்கு. வராவிட்டால் ஏழாம் பிரிவு. யாகப்பர் யாப்புப் புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பிப் போனார்.

சோளகம் பிடித்த காலை, மூன்று கரைச் சனமும் வந்து நின்றது. ஒரு பத்தாயிரம் பேர் இருக்கும் என்று சொல்ல ஆசைதான். நாய்களையும் காகங்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட வரும். யாகப்பர் வெளுத்த சாரமும் கோயிலுக்குப் போடுகிற சட்டையுமாக வந்தார். உம்மு ஸல்மா ஈரமணலில், அலை வந்து காலைத் தொடும் இடத்தில் நின்றாள்.

அவர் கைகளை வாயருகே குவித்தார்.

"மர்சூக்!"

நேவிக்கு முந்திய காலத்துக் குரல். கரையிலிருந்து அடித்த காற்று அதைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனது. எல்லோரும் உம்மு ஸல்மாவைப் பார்த்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பதில் இல்லை.

"மர்சூக்!"

பள்ளிவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண், "வாறன் எண்டு சொல்லுங்கோ, ராத்தா!" என்று உம்மு ஸல்மாவைப் பார்த்துப் பதறினாள். கனகரத்தினம் என் கையைப் பிடித்து நசித்தார். உம்மு ஸல்மாவின் முகம் கடலை நோக்கிச் சற்று நிமிர்ந்திருந்தது, தூரத்தில் போகும் ஒரு குரலைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளப் பார்ப்பவளைப் போல. புத்தளத்தில் அந்தப் பெயரை இப்படி யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

யாகப்பர் திரும்பி அவளைப் பார்த்தார். அவளை அவசரப்படுத்தவில்லை. அவருக்கும் அவசரமில்லை என்று தோன்றியது. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி, குவித்த கைகளை மறுபடி உயர்த்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். வலைக்கயிற்றைப் பிடித்துக் காத்திருந்த அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து மூச்சை இழுத்தார்கள், உம்மு ஸல்மாவும் இழுத்தாள்.