பதினோரு ஒன்றுகள்

நயீம் அகமதுவைக் கெடுத்தவன் நான்தான். அவன் தலையெழுத்து என்று ஊரில் சொல்லித் திரிந்ததும் நான்தான்.

1951-ல் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் இருவரும் அளவுக் குமாஸ்தாக்கள். கட்டாக வரும் தோல்களில் மேலே இருக்கிற பத்தை அளப்போம், மிச்சத்தைக் குத்துமதிப்பாக எழுதுவோம். நயீம் மட்டும் ஒவ்வொன்றையும் அளப்பான். கணக்குப் பைத்தியம். இண்டர்மீடியட்டோடு படிப்பு நின்றுபோனதில் அவனுக்கு ஆறாத வருத்தம்.

வேலூரில் ஒரு கல்லூரியின் கணக்குப் பேராசிரியர் கோதண்டராமன், இடம் கேட்டுப் போன அவனுக்கு ஒரு பரீட்சை வைத்தார். ஒன்றைப் பதினோரு முறை வரிசையாக எழுதினால் வருகிற எண், 11111111111. அது பகா எண்ணா, இல்லையா? போட்ட கணக்கு மொத்தத்தையும் மூன்று மாதத்துக்குள் கொண்டுவந்து காட்டினால் பி.ஏ.வில் இலவச இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

முதல் வாரமே நயீம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். எந்தப் பகா எண் அதை மீதியில்லாமல் வகுத்தாலும், அந்தப் பகா எண்ணை இருபத்திரண்டால் வகுத்தால் மீதி ஒன்றுதான் வருமாம். பத்தாயிரம் எண்களைச் சோதிக்கிற வேலை ஆயிரமாகச் சுருங்கியது. சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்தான். எனக்கு வயிறு எரிந்தது. இவன் போய்விடுவான், நான் இந்த நாற்றத்திலேயே கிடந்து சாக வேண்டும்.

"பாதி நீ போடு கங்கா. நீ என் தோஸ்த், வேற யார்கிட்ட குடுப்பேன்?" என்றான்.

தாளுக்கு இருபத்தைந்து எண்கள். முதல் பத்தை ஒழுங்காக வகுத்தேன். எல்லாவற்றிலும் மீதி வந்தது. மிச்சம் பதினைந்துக்கு மட்டும் வராமலா போய்விடும்? மனதுக்குத் தோன்றிய மீதியை எழுதினேன். வகுக்கிற எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் போதும், யாருக்கும் சந்தேகம் வராது. எல்லாத் தாளிலும் இதே கதை. சோம்பல் என்று சொன்னால் பாதிப் பொய்.

நயீம் என் தாள்களை நம்பினான். எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் அழகாகப் படியெடுத்துக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினான். நானும் கூடப் போனேன்.

"பகா எண் சார்" என்றான்.

பேராசிரியர் தாள்களைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தி, அதற்கு அடுத்த இரண்டு எண்களைத் தானே வகுத்துப் பார்த்தார். கரும்பலகையில் 21649 என்று எழுதினார். "இதால வகுங்க" என்றார்.

என் பாதியில் இருந்த எண். நயீம் வகுத்தான். ஈவு 513239. மீதி பூஜ்யம்.

"மீதி 8317-ன்னு எழுதியிருக்கீங்களே. அடுத்த ரெண்டும் தப்பு. தப்பாப் போட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். நீங்க போடவே இல்ல. போடாததைப் போட்டதா எழுதுறவருக்கு நான் எப்படி சிபாரிசு பண்றது?"

நயீம் என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்புதான் சார்" என்று சொல்லித் தாள்களை வாங்கிக்கொண்டான். நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா வரை அவன் அந்தத் தாள்களையே புரட்டிக்கொண்டு வந்தான். திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போட முடியலன்னா காலியா வுட்டிருக்கலாமேடா" என்றான். "நான் போட்டிருப்பேன்."