பேராசிரியரின் கடைவாய்ப் பல்

மனிதனுக்கும் இயற்கைக்கும் ஆதி நாள் தொட்டு இருந்துவரும் பிணக்கு, வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜிம்பாப்வேயின் மஸ்விங்கோ நகரில் ஒரு விடுதியின் மாநாட்டு அரங்கில் தீர்த்துவைக்கப்படும் என்று உலகத்தாருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. தீர்த்துவைக்கும் பொறுப்பு தத்துவப் பேராசிரியர் தஃபிரெனிகாவுடையது.

காலை அமர்விலேயே அவர் முக்கால்வாசி தீர்த்துவிட்டார். அவர் மோஃபு குலம். மோஃபு என்றால் எலண்ட் மான். குலத்துக்குப் பெயர் தந்த விலங்கு உடன்பிறப்பு. அதைத் தின்றவனுக்குப் பல் கொட்டிவிடும் என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலும் வளர்ப்பார்கள்.

"பல் கொட்டுவது வெறும் குறியீடு. உள்ளே இருப்பது காட்டைக் காக்கும் அறம்," என்று அவர் முழங்க, அரங்கம் கைதட்டியது.

மதியம் சட்ஸாக் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து, கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்போது சகானெட்சா எதிரில் வந்து உட்கார்ந்தான். சகானெட்சா அவருடைய சவீரா. அதாவது, சாவு வீட்டில்கூட அவரைக் கேலி செய்யத் தலைமுறை உரிமை பெற்ற நண்பன்.

"என்னப்பா மோஃபு, தம்பி ருசியா இருந்தானா?"

"எந்தத் தம்பி?"

"பண்ணைக்காரர் ஒருத்தர் நம்ம மாநாட்டுக்குன்னு ஒரு எலண்ட் அனுப்பியிருக்காராம். ரெண்டு தடவை வாங்கினியே, எலும்பையாவது மிச்சம் வச்சியா, சொந்தக்காரங்களுக்குக் காட்ட?"

"சும்மா உளறாதே. மாட்டுக்கறி."

"சரி, மாடு. பல்லைத் தொட்டுப் பாரு."

தொடக்கூடாது என்றுதான் நினைத்தார். நாக்கு கேட்கவில்லை. கீழே இடதுபக்கக் கடைவாய்ப் பல் ஆடியது. நன்றாகவே ஆடியது.

வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைய அவர் சமையற்கட்டுக்கு ஓடினார். நிறைவுரைக்கு அழைத்து ஒலிபெருக்கி அவர் பெயரை முழுப் பட்டங்களோடு சொல்லிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் தின்னது என்ன கறி?"

சமையல்காரி மாய் ருவிம்போ கரண்டியோடு திரும்பினாள். "எந்தப் பானை சார்? பச்சை மூடியா, நீலமா?"

"நீலம்! ஜன்னல் பக்கம் இருந்தது!"

"அது மாடு. மான் பச்சை மூடியில. மோஃபு ஆளுங்க வருவாங்கன்னு தெரியாதா எனக்கு? தனித்தனி கரண்டி போட்டு வச்சிருக்கேன். ஏன் சார் அழுவறீங்க?"

"அழலம்மா. வெங்காயம்."

"வெங்காயம் காலையிலேயே முடிஞ்சிருச்சே."

அவர் மறுபடியும் நாக்கால் தொட்டுப் பார்த்தார். பல் பாறைபோல் நின்றது. வாசலில் சகானெட்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவனை அறையலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியாமல் பேராசிரியர் கட்டிப்பிடித்தார்.

நிறைவுரையில் குறியீடு என்ற சொல் வரவே இல்லை. காட்டு விலங்குகள் நம் உறவினர், அவர்களை உறவினராகவே நடத்துவோம் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பச்சை மூடிப் பானை அதற்கு முன்பே காலி.