இருபத்தேழும் இருக்கு

“இருபத்தேழும் இருக்குன்னு சொல்றேன்ல—”

“இருக்குன்னு நீ சொல்றே. அது சொல்லுச்சா?”

“அக்கா, ஆறு மணிக்கு நாடகம்! புள்ள மேடை ஏறிடுவா—”

“என்ன வேஷம் அவளுக்கு?”

“மரம்.”

“அப்போ எங்கயும் ஓடிட மாட்டா. எடுத்துப் படி.”

தம்பி இரும்பு அலமாரியின் கதவில் சாய்ந்துகொண்டு மேல்கூரையைப் பார்த்தான். அந்த அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவன் இடுப்பில், மற்றொன்று அக்காவின் கழுத்துச் சங்கிலியில். இரண்டும் சேர்ந்து திரும்பினால்தான் கதவு பூட்டும். அவன் சாவி எப்போதோ துளைக்குள் போய்விட்டது. அக்காவின் சாவி இன்னும் சங்கிலியை விட்டு இறங்கவில்லை.

அக்காவுக்கு ஊரில் பூட்டம்மா என்று பெயர். துப்பாக்கி விற்கிற கடையைப் பெண்பிள்ளை நடத்துகிறாளே என்று ஒரு காலத்தில் வாயைப் பிளந்தவர்கள், பிறகு அவள் போடுகிற பூட்டுகளை எண்ணிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பகலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு ராத்திரி அலமாரிக்குப் போகிற ஒவ்வொரு துப்பாக்கியின் விசை வளையத்திலும் இரும்புக் கம்பி கோத்திருக்கும். தோட்டாக்களுக்குத் தனி அறை, தனிப் பூட்டு. கடை வாசலில் நான்கு பெரிய பூந்தொட்டிகள். வண்டியை வைத்து இடித்துக்கொண்டு எவனும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அவற்றில் மண்ணுக்குப் பதில் கான்கிரீட்டை ஊற்றி, மேலே நாலு பிளாஸ்டிக் பூவைச் செருகி வைத்திருந்தாள். பெரிய கடைவீதியில் இதே தொழில் செய்கிற, ஊர் மீசை என்று கூப்பிடுகிற கடைக்காரர், அந்தப் பக்கம் வந்தால் தொட்டியைத் தட்டிப் பார்த்து, “தண்ணி ஊத்தினியா பூட்டம்மா? பூ வாடுது பாரு” என்று கேட்காமல் போகமாட்டார்.

இதற்கெல்லாம் மேலே, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்த வாசிப்பு. தம்பி ஒவ்வொரு துப்பாக்கியாகக் கையில் எடுத்து உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். அக்கா பதிவேட்டில் அதைப் பார்த்து ஒரு கோடு போடுவாள். இருபத்தேழு எண், இருபத்தேழு கோடு. பதினொரு வருஷமாக இதைச் செய்து செய்து, தம்பிக்கு எல்லா எண்ணும் தலைகீழாக வரும். இன்று அதுதான் வினை. துப்பாக்கியைப் பார்க்காமலே எண்களை மளமளவென்று ஒப்பித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடுக்கி முடித்துவிட்டான். ஏழாவது எண்ணுக்கே அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“தலை எண்ணி அடைக்க இது ஆட்டுப்பட்டியாடா? ஒப்பிச்சது உன் வாய். முதல்லேருந்து எடு.”

“நீ என்னை நம்பவே மாட்டியா?”

“உன்னை நம்பறேன். உன் ஞாபகத்தைத்தான் நம்பல. அது ரொம்ப நல்லா இருக்கு, அதான் பயமா இருக்கு.”

பல்லைக் கடித்துக்கொண்டு முதல் துப்பாக்கியை எடுத்தான். படித்தான். கோடு. இரண்டாவது. கோடு. எட்டு, பத்து, பதினைந்து. வேண்டுமென்றே பள்ளிக்கூடப் பிள்ளைபோல நீட்டி முழக்கிப் படித்தான். அக்கா சட்டை செய்யவில்லை. பத்தொன்பதாவதை எடுத்தபோது அவன் வாய் பழக்கத்தில் “ஏழு, பூஜ்யம்” என்று ஆரம்பித்துவிட்டது. கண் அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

“மூணு, ஒண்ணு” என்று அக்காவே முடித்துக் கோடு போடப் போனாள். “என்னடா, நின்னுட்டே?”

“அக்கா.”

“சொல்லு.”

“ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, எட்டு.”

பதிவேட்டில் அப்படி ஓர் எண் எந்தப் பக்கத்திலும் இல்லை. அக்கா எழுந்து வந்து அதைக் கையில் வாங்கினாள். நிறம் அதே, எடை அதே. குழாயின் வாயில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் ஆழத்தில் தட்டி நின்றது. உள்ளே ஈயம் அடைத்திருந்தது. சினிமாவுக்கு வாடகைக்கு விடுகிற மாதிரி ஒரு பொம்மை.

“இன்னைக்கு இதை யாருக்குக் காட்டினே?”

தம்பிக்கு ஞாபகம் வந்தது. காலையில் வந்த மூக்குக்கண்ணாடிக்காரர். லைசென்ஸ் நகல் வைத்திருந்தார், மரியாதையாகப் பேசினார். ஒரே மாதிரி இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

“ரெண்டு எடுத்து வெச்சியா?”

கடையில் அது எழுதாத சட்டம். மேஜைமேல் எப்போதும் ஒன்றுதான் இருக்கும். அது உள்ளே போன பிறகுதான் இன்னொன்று வெளியே வரும்.

“ரெண்டு நிமிஷம்தான். அப்போ பார்த்து வீட்டுலேருந்து போன். பச்சைச் சட்டை கிடைக்கலன்னு பாப்பா அழுதா. திரும்பி நின்னு பேசிட்டேன்.”

கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். தம்பியின் முதுகு தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக்காரரின் கை ஒருமுறை கோட்டுக்குள் போய் வந்தது. கண் சிமிட்டுகிற நேரம். பிறகு தம்பி சிரித்துக்கொண்டே திரும்பி இரண்டையும் எடுத்து உள்ளே வைக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவனாலேயே முடியவில்லை.

அக்கா போனை எடுத்தாள். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு நாள் பொறு. லைசென்ஸ் புதுப்பிக்க அடுத்த வாரம் ஆள் வராங்க. இன்னைக்கு நீயே வாயைத் திறந்தா அப்பா வெச்ச கடை போச்சு. அந்தாளு நகல்ல விலாசம் இருக்கு, நானே போய்—”

“அந்த விலாசத்துல டீக்கடைகூட இருக்காது.”

“ஒரே ஒரு ராத்திரி அக்கா. யாருக்குத் தெரியப் போகுது? எண்ணிக்கை சரியா இருக்கே!”

“அரிசிக்கடையில ஒரு மூட்டை போனா நஷ்டம் கடைக்காரனுக்கு. இங்க ஒண்ணு போனா நஷ்டம் யாருக்குன்னு தெரியுமா உனக்கு? எந்தத் தெருவுல, எந்த வீட்டுல, யார் பெத்த புள்ளைக்குன்னு சொல்லு. நீ கேட்ட ராத்திரியைத் தர்றேன்.”

தம்பி அந்தப் பொம்மையை ஒருமுறை பார்த்தான். கையை விட்டான்.

அக்கா போலீஸுக்குப் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றான். குரல் நடுங்கவில்லை, குழையவும் இல்லை. கடையின் பெயர், துப்பாக்கியின் முழு எண், மூக்குக்கண்ணாடிக்காரரின் உயரம், கோட்டின் நிறம். “மேஜையில நின்னது என் தம்பி. லைசென்ஸ் என் பேர்ல. பொறுப்பு என்னோடது” என்று முடித்தாள். தன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை என்பதை நினைத்து அவனுக்கு வியப்பாக இருந்தது.

அதோடு விட்டாளா? சுற்றுவட்டாரத்துத் துப்பாக்கிக் கடைகள் ஏழுக்கும் வரிசையாகப் போன் போட்டாள். விற்க வந்தால் பிடிக்கட்டும் என்றுதான். கடைசியாக மீசை. அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. போனை மேஜையில் வைத்தாலும் தெருமுனைவரை கேட்கும்.

“என்ன பூட்டம்மா, பூட்டு வாங்கப் பணம் வேணுமா?”

“அண்ணே, என் கடையில ஒண்ணு போயிடுச்சு. பதிலுக்கு ஒரு பொம்மையை வெச்சிட்டான், எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு.”

“உன் கடையிலயா!” ஒரு பெரிய சிரிப்பு. “நாலு தொட்டியும் தூங்கிட்டு இருந்துச்சா?”

“சிரிச்சுக்கோங்க. சிரிச்சிட்டு நம்பரை எழுதிக்கோங்க.”

சொன்னாள். மறுமுனையில் பேனா கீறும் சத்தம்.

“ஆமா, எண்ணிக்கை சரின்னு சொன்னியே, அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சே?”

“படிச்சோம்.”

“தினமுமா?”

“தினமும்தான் அண்ணே.”

மீசை இந்தத் தடவை சிரிக்கவில்லை. “சரிம்மா, வைக்கிறேன்” என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு காவலரோடு வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகக் கோடுகள். ஞாயிறு தவிர ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஒரு பக்கத்தின் ஓரத்தில் ‘காய்ச்சல், இருந்தாலும் படித்தாச்சு’ என்று அக்காவின் எழுத்து. அவர் அந்த இடத்தில் சற்று நேரம் விரலை வைத்திருந்தார்.

“எப்போ தெரிஞ்சது?”

“அஞ்சு இருபதுக்கு.”

“எங்களுக்கு அஞ்சு முப்பத்தொண்ணுக்குத்தான் போன் வந்தது. பதினொரு நிமிஷம் என்ன பண்ணீங்க?”

“கேமரா பார்த்தோம். அப்புறம் தம்பிகூடச் சண்டை போட்டேன்.”

காவலர் வேறு பக்கம் திரும்பி இருமினார். தம்பி ஓரடி முன்னே வந்தான்.

“ரெண்டை எடுத்து வெச்சது நான் சார். மறைக்கலாம்னு சொன்னதும் நான்தான். அக்கா கேட்கல.”

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். “காலையில போன துப்பாக்கிக்கு சாயங்காலமே நம்பரோட, படத்தோட தகவல் வர்றது எனக்கு இதுதான் முதல் தடவை. ஊரை விட்டுப் போற எல்லா ரோட்டு செக்போஸ்ட்டுக்கும் சொல்லியாச்சு. ஆனா கடையை மூடி முத்திரை வைக்கணும்மா. லைசென்ஸ் இருக்குமா, போகுமான்னு மேல இருக்கறவங்கதான் சொல்லணும்.”

“வைங்க. மிச்சம் இருபத்தாறையும் உங்க கண்ணு முன்னாடி படிச்சிட்டுப் பூட்டுறோம். அப்புறம் வைங்க.”

படித்தார்கள். தம்பி ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணால் பார்த்து, அதற்குப் பிறகே வாயைத் திறந்தான். அக்கா கோடு போட்டாள். பத்தொன்பதாவது இடத்தில் கோடு போடாமல் நேரத்தை எழுதினாள். இரண்டு சாவியும் சேர்ந்து திரும்பின. மணி ஆறரை. மரம் இந்நேரம் மேடையில் ஏறி இறங்கியிருக்கும். வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அத்தையைப் போல.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று ஷட்டரை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. மீசை. முதல் தடவையாக அவர் குரல் போனுக்குள்ளேயே அடங்கியிருந்தது. தம்பி காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.

“தங்கச்சி… படிச்சேன்.”

“சொல்லுங்க அண்ணே.”

“என்கிட்ட மொத்தம் பத்தொம்பது. எண்ணிக்கை சரியா இருக்கு.”

“நம்பர்?”

மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம்.

“ஒண்ணு… என் புத்தகத்துல இல்ல. குழாய்ல ஈயம்.”

“எப்போலேருந்து?”

“அதான் தெரியலம்மா. மூணு மாசமா தலையைத்தான் எண்ணினேன்.” பிறகு அவசரமாக, “இதை இப்போ வெளிய விட வேணாம். ஒரு ராத்திரி குடு. நானே தேடிப் பார்க்கறேன். எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது?”

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தான் சொன்ன அதே சொற்கள் இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டபோது தம்பிக்குக் காது சுட்டது. அக்கா போனைக் காதிலிருந்து எடுத்தாள். அவனைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். அவள் போனைக் கொடுத்தாள்.

“அண்ணே, நான் தம்பி பேசறேன். இன்ஸ்பெக்டர் இங்க வாசல்லதான் நிக்கறார். போனை அவர்கிட்ட குடுக்கட்டுமா, இல்ல நீங்களே கூப்பிடறீங்களா?”