பதினேழாம் இலக்கக் கூறை

எங்கள் நூதனசாலையின் கதவில் நான் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்: 'உள்ளே வந்த உடுப்பு வெளியே போகாது.' அப்படி எழுத வைத்தது சனம்தான். அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. பொருளாதாரத் தடையால் கடைகளில் நல்ல துணி இல்லை. கலியாணங்கள் மட்டும் குறையவில்லை. கிழமைக்கு ஒருவராவது வந்து, "வாத்தியார், உந்தச் சரிகைத் தலைப்பாகையை ஒருநாளைக்குத் தாருங்கோவன்" என்று நிற்பார். இது நூதனசாலையா, வாடகைக் கடையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நூதனசாலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சனசமூக நிலையத்தின் பின்னறைதான். சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், கனகலிங்கம், வலிகாமத்து வீடுகளில் ஏறி இறங்கிச் சேர்த்த நாற்பத்தொரு பழைய உடுப்புகள் அதற்குள் இருந்தன. பனஞ்சலாகையில் ஆள் உருவம் அடித்து, ஒவ்வொன்றையும் உடுத்தி நிறுத்தியிருந்தேன். மாப்பிள்ளையின் கலியாணப் பட்டு வேட்டி மட்டும் எவ்வளவு கெஞ்சியும் கிடைக்கவில்லை.

எனக்குப் பெருமை தந்தது பதினேழாம் இலக்கம். நாற்பத்தாறாம் ஆண்டுக் கூறைச் சேலை. அரக்குச் சிவப்பு, அகலச் சரிகைக் கரை. வெங்காயத் தோட்டம் செய்யும் ஏரம்புவின் மனைவி ஞானாம்பிகை, நான் கேளாமலே கொண்டுவந்து தந்தது. கூறையை யாரும் இலேசில் தரமாட்டார்கள். எங்கள் பக்கத்தில், புருஷன் இருக்கக் கண்மூடுகிறவளைக் கூறை உடுத்தித்தான் அனுப்புவோம். புருஷன் முந்திவிட்டால் அவள் அதைப் பிறகு உடுத்துவதில்லை.

"உங்களுக்குத் தேவைப்படுமெல்லோ, அக்கா?" என்று ஒப்புக்குத்தான் கேட்டேன்.

"எனக்கு அது வேண்டாம், வாத்தியார். நீங்கள் வடிவாய் வையுங்கோ."

மனம் மாறுவதற்குள் வாங்கி வைத்துக்கொண்டேன். கொசுவம் கலையாதிருக்க ஒவ்வொரு மடிப்பையும் சலாகையோடு சேர்த்து நூலால் தைத்தேன். உட்கரையில் அழியாத மையால் 17 என்று எழுதினேன்.

ஆவணியில் ஒரு காலை, ஏரம்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் நெடுநாள் தொய்வுக்காரர். மூச்சு இழுத்தது. கதவடியில் நின்றபடியே சொன்னார்:

"அந்தக் கூறை வேணும், வாத்தியார்."

"ஆரின்ரை கலியாணத்துக்கு?" என்று பாய்ந்தேன். "கதவிலை எழுதியிருக்கிறதை ஒருக்கா வாசியுங்கோ பாப்பம்."

பாவம், அவர் உண்மையாகவே தலையை நிமிர்த்தி முழுவதையும் வாசித்தார்.

"ஞானம் மோசம் போயிட்டா. நேற்றுப் பின்னேரம் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டவ, அப்பிடியே வாய்க்காலுக்கை சரிஞ்சிட்டா. ரண்டு மணிக்குச் சுடலைக்கு எடுக்கினம்."

என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை. "பிறகேன் அண்ணை உந்தக் கூறையைத் தந்தவ?" என்று கேட்டேன்.

"நான் முந்திப் போயிடுவன் எண்டு நினைச்சிட்டா. போன மாரியிலை மூண்டு தரம் ஆசுபத்திரியிலை கிடந்தனானெல்லோ. பெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம் கூறை கண்ணிலை படுது, அழுகை வருது எண்டுதான் உங்களிட்டைக் கொண்டுவந்தவ. நானும் மறிக்கேல்லை. நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

சவர அலகை எடுத்துத் தையலை அறுக்கத் தொடங்கினேன். தைத்தபோது என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட தையல். இப்போது ஒரு நூல் அறுவதற்குள் உயிர் போனது. சேலை நிலத்தில் படாமல் ஏரம்பு இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றார். இலக்கத்தைக் கண்டதும், "உது என்ன?" என்றார்.

"நான் போட்ட இலக்கம். அழியாது, அண்ணை."

"இருக்கட்டும். உள்மடிப்புக்குள்ளைதானே போகும்."

அவரைப் பின்னால் இருத்தி, சைக்கிளை நான்தான் மிதித்தேன். வழிநெடுக அந்தப் பொட்டலம் என் முதுகில் பட்டுக்கொண்டே வந்தது.

பெண்கள் உடுத்திவிட்ட பிறகு பார்த்தேன். நான் தைத்து வைத்திருந்த மடிப்புகள் குலையாமல் அப்படியே நின்றன. அழுதேன். இரண்டரை மணிக்கு என் பதினேழாம் இலக்கம் ஞானாம்பிகை அக்காவோடு எரிந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஏரம்பு மறுபடி வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், பட்டு வேட்டியும் சால்வையும். அவருடைய கலியாண உடுப்பு.

"உந்த வெறும் சலாகைக்கு உடுத்திவிடுங்கோ, வாத்தியார். நீங்கள் கனநாளாய்த் தேடினதெல்லோ."

எத்தனை படலைகளைத் தட்டியிருப்பேன் அதற்காக! தொட்டுப் பார்த்தேன். எங்கும் ஒரு பூச்சிகூட அரிக்கவில்லை. அப்படியே மடித்துத் திருப்பி அவர் கையில் வைத்தேன்.

"வேண்டாம், அண்ணை. கொண்டுபோய்ப் பெட்டியிலை வையுங்கோ."

"ஏன், பழுதோ?"

"அவ அங்கை கூறையோடை நிப்பா. நீங்கள் இடுப்பிலை கிடக்கிற உந்தச் சாரத்தோடையோ போகப்போறியள்?"

ஏரம்பு சிரித்தார். சிரிப்பு தொய்வில் போய் முடிந்தது. இருமி ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தைச் சைக்கிளில் வைத்து இறுக்கிக் கட்டினார்.