மைமூன் ஊட்டுச் சோறு

என் மகன் குழந்தைவேலுக்கு நாலு வயது. ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பான். குரங்கு வருகிறது என்று மிரட்டுவேன். சேலம் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சுவேன். கடைசியில் அந்தச் சோறு நாய்க்குத்தான் போகும். பால்வாடியில் எடை போட்ட அம்மா, "பையன் நொம்ப எளைச்சிருக்கான், கவனிங்க" என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அப்படிப்பட்டவன் பக்கத்து வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறானாம். எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் வீட்டு முன்பக்கமே மளிகைக்கடை வைத்திருக்கும் மைமூன்தான் வேலி ஓரமாக வந்து சொன்னாள். "உங்க பையன் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டானுங்க!" அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் வீட்டுக்காரர் அங்கப்பன் சும்மா இருந்தாரா? "பேசாம மைமூனுக்கே தத்துக் குடுத்தரலாமா?" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் ரசத்தில் நான் உப்புப் போடவில்லை.

நெய் ஊற்றி மயக்குகிறாளோ என்று நானும் நெய் ஊற்றினேன். முட்டை அவித்தேன். பணியாரம் சுட்டேன். எல்லாம் கன்னத்திலேயே இருந்தது. ஒருநாள் சாமைச்சோறும் உருளைக்கிழங்கு போட்ட மொச்சைக் குழம்பும் ஆக்கி, தூக்குப்போசியில் மைமூனுக்குக் கொடுத்தேன். பிரியத்தால் இல்லை. என் சமையலை அங்கேயும் அவன் கன்னத்தில் அடக்கட்டும், அவளும் கொஞ்சம் கெஞ்சிப் பார்க்கட்டும் என்றுதான்.

மதியம் தீப்பெட்டி வாங்கும் சாக்கில் போய், கடைத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். பாயில் ஒரே பெரிய தட்டு. சுற்றிலும் மைமூன், அவள் பிள்ளைகள் இருவர், என் மகன். யாரும் யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை. "யப்பா, என்ன ருசி! அந்தக் கெழங்கு எனக்கு" என்று மைமூன் கை நீட்டினாள். என் மகன் சிரித்துக்கொண்டே அவளை முந்தி அதை வாயில் போட்டு விழுங்கினான். என் குழம்பு! என் கிழங்கு!

கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். "அதே கொழம்புதான சாமி? அங்க எறங்குது, எங்கிட்ட ஏன் எறங்க மாட்டேங்குது?"

"நீதான் அதத் திங்கவே மாட்டியேம்மா," என்றான். "உனக்கே புடிக்காது. எனக்கு மட்டும் குடுக்கற."

அவனுக்கு ஊட்டி, அவருக்குப் பரிமாறி, எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் சட்டியை வழித்துத் தின்கிறவள் நான். நான் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் ஒரே தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன். அங்கப்பன் தானே போட்டுச் சாப்பிட்டார். கிழங்கை எடுக்கப் போனேன். ஒரு சின்னக் கை என் கையைத் தட்டிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து மைமூன் வேலி ஓரம் வந்தாள். "ஏனுங்க கண்ணாயி, பையன் வர்றதே இல்லீங்களே? எம்புள்ளைங்க ரெண்டும் அவனில்லாம தட்டுல கை வெக்க மாட்டேங்குதுங்க." அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நாள் முன்பு வரை நான் வைத்திருந்த முகம்தான்.

"இங்க அனுப்பி உடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றேன். இரக்கப்பட்டுச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அவள் பிள்ளைகள் என் வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். அதை நானே வேலி ஓரமாகப் போய் அவளிடம் சொல்ல வேண்டும்.